பனிக்காலத்தில் கறிக்கோழி: குஞ்சுக்குச் சூடு, கொட்டகைக்குக் காற்று



வீட்டுக் கொல்லையில் 100, 200 கறிக்கோழி வளர்த்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் சமாளிக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் பல உண்டு. அவர்களுக்கான தொழில் பாடத்தில் இம்முறை பனிக்கால வளர்ப்பை எடுத்துக்கொள்கிறோம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. ரமலான் மாதம் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. 2026-ல் பிப்ரவரி மூன்றாம் வாரம் தொடங்கும் நோன்பு, 2028-ல் ஜனவரி கடைசிக்கு வந்துவிடும். நோன்புக்கு விற்பனைக்குக் கோழி தயாராக வேண்டுமென்றால், 35 முதல் 40 நாள் முன்பே குஞ்சு இறக்கியாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அது மார்கழி, தை மாதப் பனியில்தான் வந்து விழும். இனி சில ஆண்டுகளுக்கு நமக்கு நல்ல விலை கிடைக்கும் கோழி எல்லாம் குளிரில் வளர்ந்த கோழியாகத்தான் இருக்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரம். பனி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கும். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி போன்ற ஊர்களில் அவ்வளவு இல்லை. ஆனாலும் ஒரு நாள் குஞ்சுக்கு வேண்டிய சூட்டோடு ஒப்பிட்டால் அங்கும் இரவு கடுங்குளிர்தான்.

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் பதிய வைக்க விரும்புகிறோம். பனிக்காலத்தில் கோழி சாவது குளிரால் மட்டுமல்ல. குளிருக்குப் பயந்து கொட்டகையை நாலு பக்கமும் இறுக்கி மூடிவிடுகிறோமே, அதனாலும் சாகிறது. முதல் இரண்டு வாரத்தில் குளிர் கொல்லும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் கெட்ட காற்று கொல்லும். இரண்டையும் ஒன்றாகச் சமாளிப்பதே பனிக்கால வளர்ப்பு.

குஞ்சு ஏன் குளிரைத் தாங்காது?

வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். பொரித்து வந்த குஞ்சுக்கு அந்தச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. அதன் மேல் இருப்பது மெல்லிய பஞ்சு ரோமம். அது இறகு ஆகாது. இறகு முளைத்து உடம்பு தன் சூட்டைத் தானே பிடித்து வைக்க இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் அணைத்துக்கொள்ளும். கறிக்கோழிக் குஞ்சுக்குத் தாய் இல்லை. நாம்தான் அந்த இடத்தில் இருக்கிறோம்.

குளிர்ந்த குஞ்சு உடனே செத்துவிடும் என்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கும்பலாக நிற்கும். தீவனத் தட்டுக்கும் தண்ணீருக்கும் போகாது. கும்பலின் அடியில் கிடப்பவை மூச்சுத் திணறிச் சாகும். மிஞ்சியவை தின்னாமல் குடிக்காமல் வளர்ச்சி குன்றும். முதல் வாரத்தில் குன்றிய குஞ்சைப் பிறகு எவ்வளவு தீவனம் போட்டாலும் தேற்றுவது கடினம். ஒரே நாளில் வந்த குஞ்சுகளில் ஒன்று 2 கிலோவும் இன்னொன்று 1.2 கிலோவும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் முதல் ஏழு நாளில்தான் விதை விழுந்திருக்கும்.

குஞ்சு வருமுன் செய்ய வேண்டியவை

முதலில் தரை. உமி, கடலைத்தோல், மரத்தூள் இவற்றில் எது கிடைக்கிறதோ அதை நன்றாக வெயிலில் காயவைத்துப் பரப்புங்கள். கோடையில் 2 அங்குலம் போதும். பனிக்காலத்தில் 3 முதல் 4 அங்குல உயரம் வேண்டும். தரையின் குளிர் காலுக்கு ஏறாமல் தடுப்பது இந்தக் கூளம்தான். பூசணம் பிடித்த உமி மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பூசணம் குஞ்சின் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறலை உண்டாக்கும். கூளத்தின் மேல் முதல் இரண்டு, மூன்று நாளுக்குச் செய்தித்தாள் விரியுங்கள். தாள் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

அடுத்தது தடுப்பு. ஒன்றரை அடி உயரத் தகரமோ கெட்டி அட்டையோ கொண்டு வட்டமாக நிறுத்துங்கள். சதுரமாக வேண்டாம், மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் நெரியும். 100 குஞ்சுக்கு 5 அடி குறுக்களவு உள்ள வட்டம் முதல் நாட்களுக்குப் போதும். மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, இரண்டாம் வாரத்தில் தடுப்பை எடுத்துவிடலாம். கொட்டகை பெரிதாக இருந்தால் குறுக்கே ஒரு படுதா தொங்கவிட்டு, பாதி இடத்தை மட்டும் பயன்படுத்துங்கள். முழுக் கொட்டகையையும் சூடாக்க நம்மால் முடியாது. முடிந்தாலும் வீண் செலவு.

மூன்றாவது, விளக்கு. குஞ்சு வந்த பிறகு விளக்கைப் போடுவது பனிக்காலத்தில் போதாது. ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். காற்று சீக்கிரம் சூடாகிவிடும். உமியும் அதன் அடித்தரையும் சூடாக நேரம் பிடிக்கும். உமிக்குள் கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்குச் சில்லென்று இருந்தால், குஞ்சின் காலுக்கும் அப்படித்தான் இருக்கும்.

சூடு எவ்வளவு?

கால்நடைப் பயிற்சி முகாம்களில் சொல்லித்தரும் எளிய கணக்கு இது. குஞ்சின் முதுகு உயரத்தில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும்:

முதல் வாரம்: 95 டிகிரி பாரன்ஹீட் (35 செல்சியஸ்)
இரண்டாம் வாரம்: 90 டிகிரி (32)
மூன்றாம் வாரம்: 85 டிகிரி (29)
நான்காம் வாரம்: 80 டிகிரி (27)

இப்படி வாரத்துக்கு 5 டிகிரியாகக் குறைத்து 70 டிகிரி பாரன்ஹீட், அதாவது 21 செல்சியஸ் வரை இறக்கலாம்.

இதற்கு விளக்கு எத்தனை? கோடையில் குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் போதும். பனிக்காலத்தில் 3 வாட் வரை வேண்டியிருக்கும். 100 குஞ்சுக்கு மூன்று 100 வாட் குண்டு பல்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய விளக்கைவிட மூன்று சிறிய விளக்கு நல்லது. ஒன்று எரிந்துபோனாலும் குஞ்சு முழுக்கக் குளிரில் விடப்படாது. எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். குஞ்சுக்குப் போதிய சூடு தராது. மின்சாரம் மிச்சம் என்று அதைத் தொங்கவிட்டு ஏமாற வேண்டாம்.

விளக்கு கூளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். மின்கம்பியை மட்டும் நம்பித் தொங்கவிடாமல், சங்கிலியோ கெட்டிக் கம்பியோ கொண்டு தனியாகக் கட்டுங்கள். உமியும் செய்தித்தாளும் தீப்பிடிக்கக் கூடியவை. அறுந்து விழும் ஒரு பல்பு போதும்.

குஞ்சைப் பார்த்தே சூட்டை அறியலாம்

தெர்மாமீட்டர் ஓர் இடத்தின் சூட்டைத்தான் காட்டும். குஞ்சு எல்லா இடத்தின் சூட்டையும் காட்டும்.

விளக்கின் கீழே நெருக்கியடித்து நின்று விடாமல் கத்தினால், சூடு போதவில்லை. விளக்கை விட்டு விலகித் தடுப்போரம் ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால், எதிர்ப் பக்கத்திலிருந்து குளிர்காற்று அடிக்கிறது. படுதாவில் எங்கோ கிழிசல் இருக்கிறது. வட்டம் முழுக்கப் பரவி, சில தின்ன, சில குடிக்க, சில காலை நீட்டிப் படுத்திருந்தால் சூடு சரி.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. குஞ்சைக் கையிலெடுத்து அதன் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கால் சில்லிட்டிருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது. குஞ்சு வந்த முதல் நாள் இரவு அதன் கழுத்தடியில் உள்ள தீனிப்பையை மெல்லத் தடவிப் பாருங்கள். நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். மறுநாள் அதே நேரம் பார்க்கும்போது 100-க்கு 95 குஞ்சாவது இப்படி இருக்க வேண்டும். காலியாக இருந்தால் குஞ்சு தின்னவில்லை. காரணம் பெரும்பாலும் குளிராக இருக்கும்.

இரவில் மிகக் குளிர்ந்த நேரம் மூன்று மணியிலிருந்து விடியும் வரை. குஞ்சு நெரிந்து சாவதும் அப்போதுதான் அதிகம். பஜ்ருக்கு எழும் வீட்டில் ஒரு கால் மணி நேரம் முன்னதாக எழுந்து கொட்டகையை எட்டிப் பார்ப்பது பெரிய சுமை அல்ல. அந்தப் பார்வையில் காப்பாற்றப்படும் குஞ்சுகள் பல.

தண்ணீரும் தீவனமும்

பனிக்காலத்தில் இரவு முழுக்கத் தொட்டியில் கிடந்த தண்ணீர் காலையில் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருக்கும். குஞ்சு அதைக் குடிக்காது. குடிக்காத குஞ்சு தின்னாது. காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள். குஞ்சு வந்து இறங்கியவுடன் முதல் சில மணி நேரத்துக்குக் கொஞ்சம் வெல்லமோ குளுக்கோசோ கரைத்த வெந்நீர் (கை பொறுக்கும் சூட்டில்) கொடுப்பது பயணக் களைப்பைப் போக்கும்.

தீவனம் பனிக்காலத்தில் கூடுதலாகச் செலவாகும். தின்றதில் ஒரு பங்கை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே கோழி எரித்துவிடுகிறது. பனி இரவு நீளமானது. மாலையில் தட்டை நிரப்பி, இரவில் தட்டு கண்ணுக்குத் தெரியும் அளவு வெளிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ராணிக்கெட் நோய்க்கான சொட்டு மருந்து 5 முதல் 7 நாளுக்குள் போடுவது வழக்கம். அதைப் பனி விலகி வெயில் ஏறிய பிறகு போடுங்கள். அதிகாலையில் குஞ்சைப் பிடித்து அலைக்கழித்தால் குளிரும் அதிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும்.

மூடிய கொட்டகையின் ஆபத்து

இதுவரை சொன்னதைப் பலரும் ஓரளவு செய்துவிடுகிறார்கள். சறுக்குவது இனிமேல்தான்.

குஞ்சு பிழைத்துவிட்டது, படுதா நன்றாகக் காக்கிறது என்று அதே படுதாவை ஐந்து வாரமும் இறுக்கிக் கட்டியே வைத்துவிடுகிறோம். உள்ளே என்ன நடக்கிறது? ஐந்தாம் வாரத்தில் 100 கோழி ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். அதில் பெரும்பங்கு எச்சமாகவும் மூச்சாகவும் வெளியே வந்துவிடுகிறது. தினமும் இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டகைக்குள் ஊற்றியதற்குச் சமம். காற்றோட்டம் இருந்தால் அந்த ஈரம் வெளியேறும். மூடிவிட்டால் கூளத்தில் இறங்கும். கூரையில் முத்துமுத்தாகப் படிந்து திரும்பக் கோழி மேலேயே சொட்டும்.

ஈரமும் சூடும் சேர்ந்தால் எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பும். கண்ணைக் கரிக்கும் அந்த வாடை நமக்குத் தெரிந்ததே. கோழியின் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளித்தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. அம்மோனியா அவற்றை முடக்கிவிடும். பிறகு சளி, தும்மல், கொர்கொர் என்ற மூச்சு எல்லாம் தொடரும். ஈரக் கூளத்தில் இரத்தக் கழிச்சல் நோயும் பெருகும்.

வாடையை நின்றபடி பார்த்தால் சரியாகத் தெரியாது. கோழியின் மூக்கு தரையோடு இருக்கிறது. நீங்களும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு நிமிடம் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், கோழிக்கு அது 24 மணி நேரமும் எரிகிறது என்று பொருள்.

இதைவிடப் பெரிய இழப்பு வயிற்றில் நீர் கோத்துச் சாவது. கறிக்கோழி மிக வேகமாக வளரும் இனம். அதன் உடம்புக்கு எப்போதும் நிறையப் பிராணவாயு வேண்டும். குளிரில் சூட்டுக்காக இன்னும் அதிகம் வேண்டும். மூடிய கொட்டகையிலோ நல்ல காற்று குறைவு. பிராணவாயுவுக்காக இதயம் அளவுக்கு மீறி உழைத்து, வலப்பக்கம் பருத்துத் தளர்ந்துவிடும். வயிற்றில் நீர் கோத்து, கொண்டை கருநீலமாகி, கோழி மூச்சு வாங்கிச் சாகும். இதில் விழுவது பெரும்பாலும் நன்றாக வளர்ந்த பெரிய கோழிகள்தான். ஒரு மாதத் தீவனத்தைத் தின்று முடித்து, விற்கும் நாள் நெருங்கும்போது சாகும். வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை; முன்பே காற்று விடுவதுதான் வழி.

காற்று விடுவது எப்படி?

குளிர்காற்று கோழி மேல் நேராக அடிக்கக் கூடாது. கெட்ட காற்று மேலே வெளியேற வேண்டும். இதுதான் விதி. ஆகவே படுதாவை மேலிருந்து கீழாக இறக்கும்படி கட்டுங்கள். கீழ்ப்பாகம் மூடியிருக்க, மேலே கூரையை ஒட்டி ஒரு அடி எப்போதும் திறந்திருக்கட்டும். சூடான ஈரக்காற்று இயல்பாக மேலே எழும்பி அந்த வழியாகப் போய்விடும். கீழிருந்து சுருட்டி மேலே தூக்கும் படுதா பனிக்காலத்துக்கு ஆகாது. திறந்தவுடன் குளிர் முதலில் கோழியைத்தான் தாக்கும்.

இந்தப் பருவத்தில் வாடைக்காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கப் படுதாவைக் கெட்டியாக வையுங்கள். சூரியன் தென்பக்கம் சாய்ந்து போகும் காலம் இது. கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகையில் தெற்குப் படுதாவை வெயில் ஏறியதும் நன்றாக இறக்கிவிட்டால் வெயில் உள்ளே வரும், கூளமும் காயும். முதல் வாரத்துக்குப் பிறகு பகல் நேரத்தைக் காற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். மாலையில் வெயில் தாழுமுன் மேல் இடைவெளியை விட்டு மற்றதை மூடிவிடலாம்.

கூளத்தை நாள்தோறும் ஒருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீர்க் குடுவையைச் சுற்றிக் கட்டியாகிப்போன இடத்தை அள்ளி வெளியே போட்டு, காய்ந்த உமியைத் தூவுங்கள். கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரித்துப் பாருங்கள். உதிர்ந்தால் நல்லது, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம்.

கரி அடுப்பு: கோழிக்கு மட்டுமல்ல, நமக்கும் ஆபத்து

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்குக் கரிச்சட்டி பழைய வழி. அதைத் தயாராக வைத்திருப்பதில் தவறில்லை. வெளியே பற்றவைத்து, புகை அடங்கிக் கனன்ற பிறகு உள்ளே கொண்டுபோக வேண்டும். குஞ்சு விழாதபடி சுற்றிலும் செங்கல் அடுக்க வேண்டும்.

ஆனால் புகை நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். கனன்ற கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய இடத்தில் முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு மரணம். கரிச்சட்டி எரியும்போது மேல் இடைவெளி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். காவலுக்கென்று யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், அந்தக் கொட்டகைக்குள் படுக்கக் கூடாது. குளிருக்காக அதே சட்டியை வீட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வதும் கூடாது. நூறு கோழி போனாலும் திரும்ப வாங்கலாம். உயிரை வாங்க முடியாது.

செத்த கோழியும் நோயுள்ள கோழியும்

தானாகச் செத்த கோழி நமக்கு ஹலால் இல்லை. அதை உண்ணவோ, விலை குறைத்து யாருக்கும் விற்கவோ வழியில்லை. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட வேண்டும்; சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ வீசினால் நோய் அடுத்த வீட்டுக் கொட்டகைக்குப் போகும். வயிறு வீங்கிய கோழியை மற்றவற்றோடு கலந்து எடை போட்டு அனுப்புவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். தனியே பிரித்து வையுங்கள்.

ஒரே நாளில் சாவு திடீரென்று கூடினால், கடையில் சொன்ன மருந்தைக் கலந்து ஊற்றுவதை விட்டு, செத்த கோழியோடு அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவும் இருக்கிறது. அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வார்கள். மருந்து கொடுத்த கோழியை எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

100 கோழியை 2 கிலோவுக்கு வளர்த்தால் மொத்தம் 200 கிலோ. ஒரு கிலோ எடைக்கு 1.7 கிலோ தீவனம் என்றால் 340 கிலோ ஆகும். குளிரால் அது 1.9 ஆக ஏறினால் 380 கிலோ. கூடுதல் 40 கிலோ என்பது ஏறக்குறைய ஒரு மூட்டைத் தீவனம். மூன்று 100 வாட் பல்பு இரவுக்கு 14 மணி நேரம் எரிந்தால் 4.2 யூனிட், 15 இரவுக்கு 63 யூனிட். இரண்டின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விளக்கை அணைத்து மிச்சம் பிடித்த காசு, தீவனமாகவும் செத்த குஞ்சாகவும் போய்விடுவது புரியும். மேலே விடும் ஒரு அடி இடைவெளிக்கோ காசே கிடையாது.

வீட்டில் ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்க

1. விளக்கு குஞ்சு வருவதற்கு எவ்வளவு நேரம் முன்பு போடப்பட்டது?
2. இன்று அதிகாலை குஞ்சுகள் பரவி இருந்தனவா, நெரிந்து நின்றனவா?
3. காலையில் தண்ணீரை மாற்றியது யார்?
4. படுதாவின் மேல் இடைவெளி நேற்றிரவு திறந்திருந்ததா?
5. இன்று கோழி உயரத்தில் குந்தி மூச்சு இழுத்துப் பார்த்தோமா?

கொட்டகையைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்கள்தான். ஆகவே இந்தப் பக்கத்தை அவர்களும் படிக்கட்டும். படிக்க இயலாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும். கேள்விகளைக் கிழித்துக் கொட்டகைக் கதவில் ஒட்டி வைத்தாலும் நல்லதே. அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக.